புல்லாங்குழல்காரர் கேட்ட கேள்வி

அன்பு மகனுக்கு,

இங்கே நானும் உங்க நைனாவும் இருக்கிறோம். சௌக்கியமா என்று கேட்டால் என் முழங்காலையும் அவருடைய சர்க்கரையையும் தனித்தனியாக விசாரித்துத்தான் சொல்ல வேண்டும். போனில் சொல்லாமல் எதற்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. நீ எதைக் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் என் வாயிலிருந்து 'சரிப்பா' என்று வந்துவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமையும் அதுதான் நடந்தது. "நித்யாவோட அம்மா டிசம்பர் வரைக்கும் இருப்பாங்கம்மா. பொங்கலுக்கு முன்னாடி நீயும் நைனாவும் வந்துடுங்க. ஆறு மாசம். டிக்கெட் போட்டுடறேன்" என்றாய். நான் "சரிப்பா" என்றேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கும்போதுதான் நான் எதற்குச் சரி சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது. அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். எனக்கு டிக்கெட் போடாதே. கோபப்படுவதாக இருந்தால் முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

இந்தச் 'சரிப்பா' எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். சிங்கவரத்தில் அடுத்தவர் கொல்லைக்காட்டில் கூலிக்கு மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போன வீட்டிலிருந்து சென்ட்ரல் கவர்ன்மென்ட் வேலைக்கு வந்த முதல் ஆள் நான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் ஹெட்போன், எதிரில் ஒரு பலகை, பலகை நிறைய ஓட்டைகள். எங்கே விளக்கு எரிகிறதோ அங்கே வயரைச் செருகி, என்ன நம்பர் என்று கேட்டு, கேட்ட நம்பருக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். யாருக்கு, எதற்கு, அப்புறம் பேசலாமே என்றெல்லாம் ஆபரேட்டர் சொல்லக் கூடாது. பிறகு பலகை போய்க் கம்ப்யூட்டர் வந்தது. கடைசியில் விருப்ப ஓய்வு என்று ஒன்றைக் கொடுத்து எங்களை வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். பழக்கம் மட்டும் ஓய்வு வாங்கிக்கொள்ளவில்லை. என் மாமியார் படுக்கையில் விழுந்தபோது அவர்களுக்கு நான். உன் அத்தை பிள்ளைகள் இங்கே தங்கிப் படித்தபோது அவர்களுக்கு நான். உங்க நைனாவுக்குச் சர்க்கரை வந்து காலில் புண்ணாகி அலைந்தபோது அவருக்கு நான். இதில் யார் மேலும் எனக்கு வருத்தம் இல்லை, நிஜமாகவே இல்லை. ஆனால் களைப்பு இருக்கிறது. தூங்கி எழுந்தால் போய்விடுகிற களைப்பு இல்லை இது. காலையில் என்னோடு கூடவே எழுந்து என்னோடு பல் துலக்குகிறது.

வெளிநாட்டில் குழந்தை பிறந்தால் அம்மாக்கள் முறை வைத்துக்கொண்டு போவது இப்போது நம்ம ஊரில் வழக்கமாகவே ஆகிவிட்டது. முதல் முறை பெண்ணைப் பெற்றவளுக்கு. பத்தியச் சமையல், குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, தலை நிற்கிற வரைக்கும் அவள் பாடு. அடுத்த முறை பையனைப் பெற்றவளுக்கு. குழந்தை தவழ ஆரம்பித்து, மருமகள் வேலைக்குத் திரும்புகிற நேரம் பார்த்து இவள் போய் இறங்க வேண்டும். விசா முடிகிற தேதியை வைத்து ஒருத்தி இறங்க ஒருத்தி ஏறுவாள். நம்ம தெரு சரோஜா அப்படி மூன்று முறை போய்வந்தாள். அமெரிக்கா எப்படி இருந்தது என்று கேட்டேன். "அத்த ஏன் கேக்குற, ஜன்னலாண்ட நின்னு பாத்தா ஒரே வெள்ளையா இருக்குது. திரும்பிப் பாத்தா பாத்திரம் இருக்குது" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து என் பாத்திரங்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

பாத்திரத்துக்குப் பயந்து வரமாட்டேன் என்று சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. பாத்திரம் எங்கே போனாலும் இருக்கும். விஷயம் வேறு. அதைச் சொல்ல உன் லேப்டாப்பிலிருந்து தொடங்க வேண்டும். நீ கனடாவுக்குப் போகும்போது மடக்கு உடைந்த பழைய லேப்டாப் ஒன்றை விட்டுவிட்டுப் போனாயே, வீடியோ கால் பேச வைத்துக்கொள் என்று. அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. கரண்ட் போனால் அதுவும் கூடவே போய்விடும். அதில்தான் நான் இசை எழுதக் கற்றுக்கொண்டேன். நான் ஏதோ செய்கிறேன் என்று உனக்குத் தெரியும், முழுதாகத் தெரியாது. நீ கேட்கும்போதெல்லாம் 'ஏதோ பொழுது போவுதுப்பா' என்று சொல்லி வைத்தது நான்தான்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்கே பாட்டு ஓடினாலும் பாடுகிறவரை விட்டுவிட்டுப் பின்னால் ஓடுகிற வயலின்களைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சினிமாக் கொட்டகையில் எல்லாரும் கதாநாயகி அழுவதைப் பார்த்து அழுதால், நான் அவளுக்கு அடியில் ஒரு கனத்த வாத்தியம் தனியாக இறங்கிப் போவதைக் கேட்டு அழுவேன். அதன் பெயர் செல்லோ என்று தெரிந்துகொள்ள எனக்கு அறுபது வயது ஆக வேண்டியிருந்தது. அப்புறம்தான் இலவசமாகக் கிடைக்கிற ஒரு மென்பொருளை இறக்கினேன். திறந்தால் ஐந்தைந்து கோடுகளாக வரிசை வரிசையாக வரும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு வரிசை. கோட்டின் மேல் சொடுக்கினால் அங்கே ஒரு சுரம் போய் உட்காரும். பட்டனைத் தட்டினால் எழுதினதை எல்லாம் மொத்தமாக வாசித்துக் காட்டும். வரிசைகளைப் பார்த்ததுமே எனக்குப் பழைய பலகை ஞாபகம் வந்து பயம் போய்விட்டது. யாரை யாரோடு இணைப்பது, யாரை லைனில் காக்க வைப்பது, இரண்டு பேர் பேசும்போது மூன்றாவது குரல் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது. இது எனக்குத் தெரிந்த வேலைதானே என்று நினைத்தேன்.

அப்படி நினைத்ததுதான் வினை. முதலில் எழுதினதில் எல்லா வாத்தியமும் எல்லா நேரமும் வாசித்தன. ஆள் இருக்கும்போது எதற்குச் சும்மா உட்கார வைப்பது என்று எனக்கு எண்ணம். போட்டுக் கேட்டால் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறுகிற கூட்டம் மாதிரி இருந்தது. யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை பாடம் நடத்துகிறான், அவனை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, புரியாத வார்த்தைகளைத் தேடிப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தேன். ஒருநாள் வயோலா என்கிற பெரிய வயலினுக்கு அதன் அடித்தொண்டைக்கும் கீழே ஒரு சுரம் எழுதிவிட்டேன். அந்தச் சுரம் சட்டென்று சிவப்பாகிவிட்டது. அந்தக் கருவியால் தொட முடியாததை எழுதினால் அப்படிக் காட்டுமாம். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. முடியாது என்றால் நிறம் மாறிச் சொல்லிவிடுகிறதே, இந்த வசதி மனுஷர்களுக்கு இல்லையே என்று உங்க நைனாவிடம் சொன்னேன். அவர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்.

மத்தியானம்தான் எனக்குக் கிடைத்த நேரம். கோட்டை மலை காலையிலிருந்து வாங்கின வெயிலை எல்லாம் தெருவுக்குத் திருப்பிக் கொடுக்கிற நேரம். யாரும் யார் வீட்டுக்கும் வரமாட்டார்கள். உங்க நைனா சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டைகளை எடை போட்டே வாழ்க்கையைக் கழித்தவர், இத்தனை வருஷத்தில் பாட்டு என்று ஒன்றை நின்று கேட்டவரில்லை. ஒருநாள் பஸூன் என்கிற வாத்தியத்துக்கு நாலு வரி எழுதிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதித் தூக்கத்தில் எழுந்து வந்து, "இன்னா மே இது, கன்னுக்குட்டியக் காணாம மாடு கத்துற மாதிரி இருக்குது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் இன்னொரு முறை போட்டுக் கேட்டேன். மனிதர் சரியாகத்தான் சொல்லியிருந்தார். அந்த இடத்தில் நான் எழுத நினைத்ததும் கிட்டத்தட்ட அதைத்தான். அன்றிலிருந்து எழுதினதை எல்லாம் அவருக்குப் போட்டுக் காட்டினேன், திட்டு வாங்குவதற்காகவாவது.

போன வருஷம் ஒரு முழு உருப்படி எழுதி முடித்தேன். 'டிரங்க் கால்' என்று பெயர் வைத்தேன். உன் காலத்துக்கு அது தெரியாது. அப்போதெல்லாம் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் பதிந்துவிட்டு, லைன் கிடைக்கிற வரைக்கும் எக்ஸ்சேஞ்ச் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். மண்டகப்பட்டுப் பக்கமிருந்து ஒரு பெண் மாதாமாதம் வருவாள். பம்பாயில் வேலைக்குப் போயிருந்த புருஷனோடு பேச. காலையில் வந்தால் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருப்பாள். லைன் கிடைத்துக் கையில் கொடுத்தால் அவளுக்குப் பேச்சே வராது. "ம்… ம்… நல்லா கீறியா… ம்" அவ்வளவுதான். வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவாள். அவளை நான் புல்லாங்குழலாக வைத்தேன். பம்பாய்க்காரனை செல்லோவாக வைத்தேன். நடுவில் இருக்கிற கம்பிகளும் ஊர்களும் ஆபரேட்டர்களும் வயலின்கள். எழுதின அத்தனையிலும் இது ஒன்றுதான் எனக்கு வெட்கமில்லாமல் பிடித்தது.

அதைக் கடைசி வரைக்கும் கேட்டது நம்ம வீட்டில் நித்யா மட்டும்தான் தெரியுமா? "அத்தை, அந்த ஃபைல அனுப்புங்க" என்று இந்த வருஷம் அவளாகவே கேட்டாள். கேட்டுவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு அத்தை. நடுவுல ஒரு இடத்துல மட்டும் எனக்கு மூச்சு முட்டுற மாதிரி ஆயிடுச்சு" என்றாள். பிள்ளைத்தாச்சிப் பெண், மூச்சு முட்டத்தான் செய்யும், இடது பக்கமாகச் சாய்ந்து படு என்று புத்தி சொல்லி அனுப்பினேன்.

இணையத்தில் இப்படி எழுதிப் பழகுகிறவர்கள் கூடுகிற இடம் ஒன்றில் அந்த உருப்படியைப் போட்டிருந்தேன். புதுச்சேரியிலிருந்து ரோஸ்லின் என்று ஒரு அம்மா பதில் எழுதினார். வயலின் சொல்லிக் கொடுக்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சர்ச் கூடத்தில் பதினைந்து பேர் போலக் கூடி வாசிக்கிறார்கள், பாங்கில் வேலை செய்கிறவர்கள், படிக்கிற பிள்ளைகள், ஒரு பல் டாக்டர். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகத் தாள் எடுத்து வாருங்கள், வாசித்துப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் இது எந்த பாஷை என்று கேட்டார்கள். சொல்லி முடிப்பதற்குள் வெளியே ஹார்ன் சத்தத்தில் என்ன சொல்ல வந்தேன் என்பது எனக்கே மறந்துவிட்டது. புதுச்சேரிக்கு உங்க நைனா தயிர்சாதம் கட்டி எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டதற்கு, "உன்ன இன்னா பண்றாங்கன்னு பாக்க வாணாமா?" என்றார்.

அந்தக் கூடத்தில் நடந்ததை உனக்கு எப்படிச் சொல்வேன்? லேப்டாப் வாசித்தால் யாரும் இரும மாட்டார்கள், நாற்காலியை நகர்த்த மாட்டார்கள், பக்கம் புரட்டுகிற சத்தம் வராது. இங்கே எல்லாம் இருந்தது. ஒரு வயலின் கொஞ்சம் முந்தியது, ஒன்று சுருதி விலகியது. ஹார்ன் என்கிற ஊது வாத்தியத்துக்கு ஆளே இல்லை, கீபோர்டில் சமாளித்தார்கள். ஆனால் அந்த செல்லோ ஆரம்பித்ததே, எதிரில் மரத்திலிருந்து நேராக வருகிற சத்தம், என் காலடித் தரையில் அதிர்ந்தது. கொட்டகையில் அழுத அந்தப் பெண்ணாகவே ஆகிவிட்டேன். தலையில் இருந்த ஒன்று மனுஷர்கள் கைக்குப் போய்விட்டதைப் பார்த்து வெட்கமில்லாமல் அழுதேன். உங்க நைனா நான் அழுவதைப் பார்த்துவிட்டு, யார் திட்டினார்கள் என்பது போல எல்லாரையும் ஒரு முறை முறைத்தார்.

அப்போது புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். சேவியர் என்று பெயர். பாங்கில் கேஷியர், என் தம்பி வயதிருக்கும், கனத்த உடம்பு. முகம் சிவந்து, வேர்த்து, குழலை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. இதுல நான் எங்க மூச்சு விடுறது?" என்று கேட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு தாளை வாங்கிப் பார்த்தேன். பக்கத்தின் தலையிலிருந்து அடுத்த பக்கம் பாதி வரைக்கும் அந்த மனிதருக்கு ஒரு இடைவெளிகூட நான் விடவில்லை. லேப்டாப்பில் அது ஒருபோதும் சிவப்பாகவில்லை. ஏன் ஆகும்? ஒவ்வொரு சுரமும் புல்லாங்குழல் தொடக்கூடியதுதான். தொடக்கூடிய அத்தனையையும் விடாமல் தொட்டுக்கொண்டே இருக்க ஒரு ஆளால் முடியாது என்பது அந்த மென்பொருளுக்குத் தெரியாது, அதற்கு நுரையீரல் இல்லை. எனக்கு இருக்கிறதே, எனக்கு ஏன் தெரியவில்லை? டிரங்க் காலில் பாதி காத்திருப்பதுதான் என்று தினமும் பார்த்தவள், அந்தக் காத்திருப்பையே எழுதாமல் விட்டிருக்கிறேன். நித்யாவுக்கு மூச்சு முட்டியதும் இதே இடத்தில்தான் என்று அப்போதுதான் புரிந்தது. அவளிடம் போய் இடது பக்கம் படுக்கச் சொல்லியிருக்கிறேன் பார்.

இன்னொன்றும் தோன்றியது, சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்காதது உங்கள் குற்றம் என்று சொல்லவில்லை. நிறம் மாறிக் காட்டாத ஆளிடம் யார் கேட்பார்கள்? மூச்சு முட்டினாலும் 'சரிப்பா' என்கிற குரல் ஒரே மாதிரிதானே கேட்கும். ஆனால் சேவியரைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. முடியவில்லை என்றதும் குழலைக் கீழே வைத்தார், கேட்டார், மரியாதையாகக் கேட்டார், யாரும் அவரைச் சுயநலக்காரர் என்று சொல்லவில்லை. திரும்பி வரும்போது பௌர்ணமிக் கூட்டம், திண்டிவனம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தோம். உங்க நைனா வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று பயந்து பிஸ்கட்டை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு உட்கார்ந்து முழுதும் திருத்தினேன். சேவியருக்கு மூச்சு விட இடம் வைத்தேன். புல்லாங்குழல் கூப்பிட்டு முடித்ததும் எல்லா வாத்தியமும் நின்று, கூடத்தில் ஒரு சத்தமும் இல்லாமல், தாளக் கணக்கில் நாலு கட்டம் காத்திருக்கிற மாதிரி எழுதினேன். அதற்கு அப்புறம்தான் எங்கிருந்தோ செல்லோ பதில் சொல்லும். அனுப்பினதைப் பார்த்துவிட்டு ரோஸ்லின் அம்மா போனே பண்ணிவிட்டார். தை மாதக் கடைசியில் அவர்கள் வருஷா வருஷம் வைக்கிற கச்சேரியில் இதை முழுதாக வாசிக்கிறார்களாம். புரட்டாசியிலிருந்து ஒத்திகை. எழுதினவர் ஒவ்வொரு ஒத்திகைக்கும் வந்து உட்கார வேண்டும், இது சத்தமா, இது வேகமா என்று கேட்டால் சொல்ல ஆள் வேண்டும் என்றார். அன்றைக்கும் நான் சரி என்றேன். அந்தச் சரி மட்டும் என் வாயிலிருந்து வரவில்லை, வேறு எங்கிருந்தோ வந்தது.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். நீ சொல்லப் போவதும் எனக்குத் தெரியும். "லேப்டாப்ல பண்றதுதானேம்மா, இங்க வந்தும் பண்ணலாமே" என்பாய். எழுதலாம், மறுக்கவில்லை. ஆனால் சேவியர் லேப்டாப்பில் இல்லை. "வாசிக்கட்டும், வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லு" என்பாய். நீ நடந்த முதல் அடியை நான் வீடியோவில் பார்க்கவில்லையப்பா, டூட்டியை மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்து பார்த்தேன். எனக்கு அந்தக் கூடத்தில், அந்தத் தரை அதிர்கிற இடத்தில், கால் வைத்து உட்கார வேண்டும். எல்லாரும் நிற்கிற அந்த நாலு கட்டத்தில் நானும் மற்றவர்களோடு சேர்ந்து சும்மா இருக்க வேண்டும். இவ்வளவு வயதுக்குப் பிறகு இது ஆசை என்று வெளியே சொல்ல நாக்குக் கூசுகிறது. இருந்தாலும் இது ஆசைதான். இதற்கு மேல் பெரிய நியாயம் எதுவும் என்னிடம் இல்லை.

போன ஞாயிறு பாலைத் துடைத்துக்கொண்டிருந்தேன் என்றேனே, உங்க நைனா சமையலறை வாசலில் வந்து நின்றார். "ஏன் மே சரின்ன?" என்றார். பழக்கம் என்றேன். "தை மாசம் நீ அங்க குந்தினு இருந்தா அந்த ஊதுறவரு இங்க யாருக்கு ஊதுவாரு?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேவியர் கேட்டதையே நினைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார் அந்த பஸ்ஸில். பேரப்பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். "நான் போறேன். எம் பேரனத் தூக்க எனக்கு இன்னா, கை இல்லியா?" என்றார். பேரன்தான் என்று யார் சொன்னது என்று சண்டை போட்டேன். சண்டை போட்டுக்கொண்டே அழுதேன். அவரும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை, கரித்துணியை வாங்கி அடுப்பைத் துடைத்தார். பால் கருகின இடத்தை அப்படியே விட்டுவிட்டார், அது வேறு விஷயம்.

ஆக, பொங்கலுக்கு முன்னால் உன் வீட்டில் வந்து இறங்கப் போவது உங்க நைனா. இப்போதே பயிற்சி நடக்கிறது. ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார், மூன்றில் ஒன்று வாயில் வைக்கலாம். தலையணையைத் துணியில் சுற்றிப் பழகுகிறார். சுற்றி முடித்துவிட்டு மூட்டைக்கு வாய் கட்டுகிற மாதிரி ஒரு இழு இழுக்கிறார், அதைத்தான் இன்னும் மறக்கடிக்க முடியவில்லை. இட்லி மாவு, மாத்திரை, காலுக்குப் போடுகிற மருந்து எல்லாம் அவரே பார்த்துக்கொள்வதாகச் சத்தியம் செய்திருக்கிறார். நீ நம்பாதே, மாத்திரையை மட்டும் கேட்டுக்கொள். குழந்தையைக் குளிப்பாட்ட அவருக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். நித்யா வேலைக்குப் போகிற நாளில் நீ லீவு போடு. ஆறு மாதத்துக்கு ஒரு ஆளை வரவழைத்துவிட்டால் அந்த வீட்டில் எதையும் மாற்ற வேண்டாம் என்று உன்னை நினைக்க வைத்தது நாங்கள் அம்மாக்கள்தான். நாங்கள்தான் ஒருத்தி இறங்கும் முன்னால் இன்னொருத்தி ஏறி, இடைவெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டோம்.

எனக்குக் குழந்தையைப் பார்க்க ஆசையில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. அந்த நினைப்பு வந்தால் எனக்கு எழுதுகிற கை ஓடாது. குழந்தையின் உச்சந்தலை வாசனையை நினைத்தால் இப்போதே எழுந்து பெட்டி கட்டிவிடுவேன் போல இருக்கிறது. சித்திரையில் வருகிறேன். ஒரு மாதம், விருந்தாளியாக. காலையில் எழுந்ததும் யாராவது காபி கொடுங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்காருகிறேன், அந்த வெள்ளை எல்லாம் அதற்குள் உருகியிருக்கும். திரும்பிப் பார்த்தால் பாத்திரம் தெரியாத மாதிரி நீ பார்த்துக்கொள்.

புத்தி சொல்லாமல் கடிதத்தை முடித்தால் நான் உன் அம்மா இல்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். சம்பந்தி அம்மா ஓடிக்கொண்டிருக்கிற தையல் கடையைப் பூட்டிவிட்டு உங்களுக்காக வருகிறார்கள். அவர்களும் போனில் 'சரிம்மா' என்றுதான் சொல்லியிருப்பார்கள். நித்யாவுக்கு இன்னும் கொஞ்ச நாளில் பாலும் தூக்கமும் ஆபீசும் ஒன்றாகிவிடும், அவளும் எதற்கும் நிறம் மாறிக் காட்ட மாட்டாள். நீ தினமும் ஒருமுறை அவர்கள் எதிரில் உட்கார்ந்து, சேவியர் என்னைக் கேட்ட அதே கேள்வியை, நீ எங்கே மூச்சு விடுகிறாய் என்று கேள். அவர்கள் ஒன்றுமில்லை என்பார்கள். எழுந்து போய்விடாமல் கொஞ்சம் உட்கார்ந்திரு. இந்தக் கடிதத்தை நித்யாவுக்கும் அவளுடைய அம்மாவுக்கும் படித்துக் காட்டு. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிற வேறு எந்த அம்மா படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கோபம் இருந்தால் இரண்டு நாள் வைத்துக்கொள், தப்பில்லை. கோபம் தணிந்ததும் ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போலப் போன் பண்ணு. நைனா எடுப்பார். நான் ஒத்திகைக்குப் போகிற பஸ்ஸில் இருப்பேன்.

உன் அம்மா